பழ மர இலைத் தேநீர்: எந்த இலை, எவ்வளவு, யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நல இணைப்பில் சென்ற வாரம் வெளியான பழ மர இலைத் தேநீர் பற்றிய கட்டுரையை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். நான் 32 ஆண்டுகள் பள்ளியில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கொய்யா மரத்தின் இலையைப் பல ஆண்டுகளாகக் கொதிநீரில் இட்டுக் குடித்து வருபவளும்கூட. ஆகவே இலைத் தேநீர் கூடாது என்று வாதாடுவதற்காக இக்கடிதத்தை எழுதவில்லை. கொய்யா, மா, பப்பாளி, நாவல், முள்சீத்தா ஆகிய மரங்களை ஒரே வரியில் அடுக்கி, இவற்றில் எதன் இலையை வேண்டுமானாலும் ஒரு கைப்பிடி எடுத்துக் கொதிக்கவைத்துக் காலையில் வெறும் வயிற்றில் குடிக்கலாம், பக்கவிளைவே கிடையாது என்று கட்டுரை முடித்திருந்ததுதான் என்னை எழுத வைத்தது. எந்த இலை, எவ்வளவு, எப்போது, யாருக்கு என்ற கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அந்த வரியில் இடம் இல்லை.

பழத்தை உண்கிறோம், அதே மரத்தின் இலை மட்டும் என்ன செய்துவிடும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. மரத்தின் பக்கமிருந்து பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது. பழம், பறவையும் விலங்கும் மனிதனும் தின்று விதையைப் பரப்பவேண்டும் என்பதற்காக மரம் இனிப்பும் மணமும் நிறமும் சேர்த்து உருவாக்குவது. இலையோ மரத்துக்கு உணவு சமைக்கும் அடுப்படி. அதை யாரும் தின்னக்கூடாது என்பதற்காகவே துவர்ப்பு, கசப்பு, பால், காரப்பொருள் (ஆல்கலாய்டு), நறுமண எண்ணெய் என்று ஒவ்வொரு மரமும் தனக்கென ஒரு காவலை இலைக்குள் வைத்திருக்கிறது. நாம் மருந்து என்று தேடுவதும் பெரும்பாலும் அந்தக் காவலைத்தான். அது மரத்துக்கு மரம் வேறுபடுவதால், கொய்யா இலைக்குப் பொருந்துவது முள்சீத்தா இலைக்குப் பொருந்தும் என்று எழுதுவதற்கு எந்த அடிப்படையும் கிடையாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பழ மர இலைகளில் மனிதர்களிடம் ஓரளவு முறையாகச் சோதிக்கப்பட்டது கொய்யா இலைதான். குடல் தொற்றால் வயிற்றுப்போக்கு கண்டவர்களுக்குக் கொய்யா இலைச் சாரம் அடங்கிய கேப்சூலைக் கொடுத்து மெக்சிகோவில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், வயிற்றுவலி நீடிக்கும் காலம் குறைந்தது தெரியவந்தது. இலையில் உள்ள குவெர்செட்டின் என்ற பொருள் குடலின் இறுக்கத்தைத் தளர்த்துவது இதற்கு ஒரு காரணம். துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் இன்னொன்று. ஆனால் வயிற்றுப்போக்கில் உயிரைக் காப்பது உப்பு சர்க்கரைக் கரைசல்தான் என்பதைக் கொய்யா இலையைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் அதே பத்தியிலேயே எழுதியாக வேண்டும். உடலிலிருந்து வெளியேறிய நீரையும் உப்பையும் எந்த இலையாலும் திருப்பித் தர முடியாது. குறிப்பாகக் குழந்தைகளுக்குக் கஷாயத்தை நம்பிக் கரைசலைத் தாமதப்படுத்தும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்தானது.

கொய்யா இலையின் மற்றொரு பயன், உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை ஏறுவதைச் சற்று மட்டுப்படுத்துவது. இதற்காகவே 2000ஆம் ஆண்டில் ஜப்பான் அரசு, குறிப்பிட்ட உடல்நலப் பயனுக்கான உணவுகளின் பட்டியலில் கொய்யா இலைத் தேநீர் ஒன்றைச் சேர்த்தது. இது எவ்வாறு வேலை செய்கிறது என்பது தெரிந்தால், வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லும் அறிவுரை எவ்வளவு பொருளற்றது என்பதும் புரிந்துவிடும். நாம் உண்ணும் மாவுச்சத்தைச் சிறுகுடலில் உள்ள சில நொதிகள் உடைத்துச் சர்க்கரையாக மாற்றுகின்றன. கொய்யா இலையின் பாலிஃபீனால்கள் அந்த நொதிகளின் வேகத்தைக் குறைக்கின்றன. அதாவது குடலில் மாவுச்சத்து இருக்கும்போதுதான் அவற்றுக்கு வேலையே இருக்கிறது. காலையில் எழுந்ததும் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிடுபவருக்குத் தேநீர் குடித்த நிறைவு கிடைக்கலாமே தவிர, இந்தப் பயன் கிடைக்காது. உணவோடு சேர்த்துக் குடிக்கவேண்டும்.

முசுக்கட்டை, அதாவது மல்பெரி இலையிலும் இதே வழிதான், ஆனால் இன்னும் கூர்மையாக. அந்த இலையில் உள்ள டீஆக்சிநோஜிரிமைசின் என்ற பொருள் உருவத்தில் குளுக்கோஸை ஒத்திருப்பதால், நொதி அதைச் சர்க்கரை என்று எண்ணிப் பற்றிக்கொண்டு செயலற்றுப் போகிறது. சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மிக்லிட்டால் என்ற மாத்திரை இந்தப் பொருளை அடியொற்றி உருவாக்கப்பட்டதே. ஆகவே ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் முசுக்கட்டை இலைத் தேநீரை அதன்மேல் சேர்க்கும்போது, தெரியாமலே இன்னொரு மருந்தைச் சேர்த்துக்கொள்கிறார். மருத்துவருக்குச் சொல்லாமல் செய்யக்கூடிய காரியம் அன்று அது.

நாவல் இலை இதற்கு நேர்மாறான பாடம். நாவல் என்றாலே சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற நம்பிக்கை நம்மிடம் மட்டுமன்று, பிரேசிலின் தென்பகுதியிலும் பரவலாக உண்டு. அங்கே மக்கள் குடிப்பது கொட்டைப் பொடி அன்று, இலைத் தேநீர். அந்நாட்டு ஆய்வாளர்கள் அந்தத் தேநீரையே எடுத்துக்கொண்டு, நோயாளிகளில் சிலருக்கு நாவல் இலைத் தேநீரும் சிலருக்கு அதைப் போன்ற வெற்றுத் தேநீரும் சிலருக்குச் சர்க்கரை நோய்க்கான மாத்திரையும், யாருக்கு எது என்று தெரியாதபடி கொடுத்து ஒப்பிட்டார்கள். 2006இல் வெளியான முடிவில், உடன் ஒப்பிடப்பட்ட மாத்திரை சர்க்கரையைக் குறைத்தது, இலைத் தேநீர் குறைக்கவில்லை. நாவல் மரத்தின் மீது எனக்கிருக்கும் பற்றுக்கு இதை ஏற்பது கடினமாகத்தான் இருந்தது. ஆயினும் இலையைக் குடித்தவர்களிடமே சோதித்துப் பார்த்துச் சொல்லப்பட்ட முடிவை, எலிகளிடமும் ஆய்வுக்கூடக் குடுவையிலும் கிடைத்த நம்பிக்கைகளைக் கொண்டு ஒதுக்கிவிட முடியாது.

இலையிலிருந்து மருந்து வரை உள்ள தொலைவைக் காட்ட வகுப்பில் நான் ஆப்பிள் மரத்தின் கதையைச் சொல்வதுண்டு. ஆப்பிள் மர வேர்ப்பட்டையிலிருந்து ப்ளோரிட்சின் என்ற கசப்புப் பொருளை 1835இல் பிரித்தெடுத்தார்கள். ஆப்பிள் இலையிலும் அது நிறைந்திருக்கிறது. அதைக் கொடுத்தால் சிறுநீரகம் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது என்பது 1886இல் தெரியவந்தது. அப்படியானால் ஆப்பிள் இலைத் தேநீரே போதுமே என்று மாணவர்கள் கேட்பார்கள். வாய்வழியாக உட்கொள்ளும் ப்ளோரிட்சினில் பெரும்பகுதி குடலிலேயே உடைந்துபோவதால் அது இரத்தத்தை உரிய அளவில் சென்றடைவதில்லை. குடலில் உடையாத, சிறுநீரகத்தில் மட்டும் வேலை செய்யும்படியான வடிவத்தை வேதியியலாளர்கள் உருவாக்கி, டபாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரை ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது 2012இல். இடையில் ஓடியவை 177 ஆண்டுகள். ஓர் இலையில் ஒரு பொருள் இருக்கிறது என்பது வேறு, அந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் அப்பொருள் வேலை செய்யும் என்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் அறியேன்.

மாவிலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அதில் மாஞ்சிஃபெரின் என்ற பொருள் நிறைய இருக்கிறது. மாமரத்துப் பால் பட்டால் தோலில் தடிப்பு ஏற்படுபவர்கள் இலையையும் தவிர்ப்பது நல்லது. அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய குறிப்பு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஓவியர்கள் பயன்படுத்திய 'இந்திய மஞ்சள்' என்ற வண்ணம், மாவிலையையும் நீரையும் மட்டுமே உண்ட பசுக்களின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்டது என்று பீகாரின் முங்கேர் பகுதியில் நேரில் கண்டு 1883இல் டி. என். முகர்ஜி எழுதினார்; அந்தப் பசுக்கள் நலிந்து காணப்பட்டன என்பதும் அவர் குறிப்பில் உண்டு.

பப்பாளி இலை டெங்குக் காய்ச்சலோடு சேர்த்தே பேசப்படுவதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. மலேசியாவில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், பப்பாளி இலைச் சாற்றை மூன்று நாட்கள் குடித்த டெங்கு நோயாளிகளிடம், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை கூடியது உண்மைதான். அங்கே கொடுக்கப்பட்டது அளவிட்டுப் பிழிந்த பச்சை இலைச் சாறு. கொதிக்கவைத்த தேநீர் அன்று. அதைவிட முக்கியமானது, டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு மட்டுமன்று; இரத்த நாளங்களிலிருந்து திரவம் கசிந்து இரத்த ஓட்டம் தளர்ந்துபோவது. அந்தக் கசிவு காய்ச்சல் தணியும் நாட்களில்தான் தொடங்குகிறது. வீட்டில் உள்ளவர்கள் காய்ச்சல் விட்டுவிட்டது, இலைச்சாறு வேலை செய்துவிட்டது என்று நிம்மதியடையும் அதே நாளில்தான் கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தம், அளவுகடந்த சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் தோன்றுகிறதா என்று கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இலைச்சாறு குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இது மாறாது. பப்பாளி இலையில் பாலும், இதயத்துடிப்பைப் பாதிக்கக்கூடிய கார்பைன் என்ற காரப்பொருளும் இருப்பதால், கருவுற்றவர்களும் இதய நோயாளிகளும் அதை அன்றாடத் தேநீராகக் குடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

எனக்கு மிகுந்த கவலையளித்தது முள்சீத்தா இலை பற்றிய பகுதி. புற்றுநோயை அழிக்கும் இலை என்று அது ஒரே சொல்லில் புகழப்பட்டிருந்தது. அந்த இலையில் உள்ள அசிட்டோஜெனின்கள் என்ற பொருள்கள் ஆய்வுக்கூடக் குடுவையில் புற்றுச் செல்களைக் கொல்கின்றன என்பது மெய். அவற்றில் ஒன்றான அனோனாசின், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் படியையே முடக்கிவிடுவதால்தான் கொல்கிறது. நரம்புச் செல்லுக்கும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. அதற்கு ஆற்றல் தேவை மற்ற செல்களைவிட அதிகம். கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில், பார்கின்சன் நோயைப் போன்ற, ஆனால் அதற்குரிய மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படாத நடுக்க நோய் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதையும், அந்த நோயாளிகள் சீத்தா இனப் பழங்களையும் அவற்றின் இலைக் கஷாயத்தையும் நெடுங்காலம் உட்கொண்டவர்களாக இருப்பதையும் 1999இல் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்டனர். இலைதான் காரணம் என்று இது முற்றாக நிறுவிவிடவில்லை. ஆனால் பின்னர் எலிகளின் உடலில் அனோனாசினைச் செலுத்தியபோது மூளையில் அதே வகையான சிதைவு காணப்பட்டது. இவ்வளவு தெரிந்த பிறகும் அந்த இலையைத் தினமும் குடிக்கலாம், பக்கவிளைவு கிடையாது என்று அச்சிடுவது எந்த வகையில் சரி? புற்றுநோய் கண்ட ஒருவர் அந்த வரியை நம்பிச் சிகிச்சையை நிறுத்திவிட்டால், அதற்கு யார் பொறுப்பேற்பது?

குளிர் நாட்டு மரங்களான பீச், ப்ளம், செர்ரி, ஆப்ரிகாட் ஆகியவற்றின் இலைகளைப் பற்றியும் ஒரு சொல். இவற்றின் இலைகளிலும் விதைகளிலும் நசுங்கும்போது சயனைடு வெளியிடும் பொருள்கள் இருக்கின்றன. புயலில் முறிந்து வாடிக் கிடக்கும் செர்ரி இலையைத் தின்று மாடுகள் இறப்பது கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. வாடும்போது இலைக்குள் தனித்தனியாக இருந்த பொருளும் நொதியும் கலந்துவிடுவதால், பச்சை இலையைவிட அரைகுறையாக வாடிய இலையே கொடியது. இந்த மரங்களின் இலைகளைத் தேநீருக்காகப் பறிக்க வேண்டாம்.

இவ்வளவு கண்டிப்பாக எழுதுவதற்கு என் வீட்டிலேயே காரணம் இருக்கிறது. என் அக்காவுக்கு 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பழ மர இலைகள் ஏழு சேர்ந்தது என்று மேலே அச்சிட்ட ஒரு பொடியை யாரோ அவரிடம் கொடுத்தார்கள். எந்த ஏழு மரங்கள் என்று பொட்டலத்தில் ஓரிடத்திலும் இல்லை. ஒரு மாதம் குடித்தவுடன் உடம்பு லேசாக இருப்பதாகச் சொல்லி மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டார். எனக்கு அது தெரியவந்ததே அவருடைய இடது கால் பெருவிரலில் ஆறாமல் இருந்த புண்ணைப் பார்த்த பிறகுதான். செருப்பின் வார் உரசிய சிறு தோல் உரிவு அது; மூன்று வாரங்களாக ஓரம் வெளுத்து, நடுவில் ஈரம் காயாமல் இருந்தது. அன்று எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு 286. விரலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் மருத்துவர் "என்ன குடித்தீர்கள்?" என்று கேட்டபோது, நாங்கள் இருவரும் பதில் சொல்ல முடியாமல் அந்தப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே தேநீர் தயாரிக்கும் முறையை எழுதும்போதும் கட்டுரையாளர்கள் கைப்பிடி அளவு என்று எழுதாமல் தெளிவாக எழுதினால் நன்றாக இருக்கும். நான் செய்வதைச் சொல்கிறேன். கொய்யாவின் மிக இளம் கொழுந்தையும் முற்றித் தடித்த இலையையும் விட்டுவிட்டு, நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது இணை இலைகளைப் பறிப்பேன். பூச்சி அரித்தவை, கரும்புள்ளி விழுந்தவை வேண்டாம். இரண்டு முறை ஓடும் நீரில் கழுவி, நீரை உதறி, நிழலில் காற்றோட்டமாக ஒற்றை அடுக்காகப் பரப்பிவிட வேண்டும். கையில் எடுத்து மடக்கினால் வளையாமல் சடசடவென்று நொறுங்கும் வரை உலரவேண்டும். நடு நரம்பு வளைந்தால்கூட உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள், அது டப்பாவுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். நொறுக்கிய இலை ஒரு தேக்கரண்டிக்கு 200 மில்லி கொதிநீர் ஊற்றி, மூடி வைத்து, ஏழெட்டு நிமிடங்களில் வடிகட்டிவிடுவேன். நெடுநேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு ஏறி நாக்கை இழுத்துப் பிடிக்கும், வயிற்றையும் புரட்டும். காலையில் வடித்ததை அன்றைக்குள் குடித்துவிட வேண்டும்.

ஒருமுறை அவசரத்தில் இரும்புப் பாத்திரத்தில் இலையைப் போட்டுவிட்டேன். பொன்னிறமாக இருக்கவேண்டிய நீர் கண்ணெதிரே மை போலக் கறுத்தது. இலையின் டானின் இரும்போடு சேர்ந்ததன் விளைவு அது. பழங்காலத்து எழுதுமை தயாரித்ததும் இதே வினையால்தான். பாத்திரத்தில் நடந்த அதே பிணைப்பு குடலிலும் நடக்கிறது. உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புச்சத்தை டானின் பிடித்துக்கொள்வதால் உடல் அதை உறிஞ்ச முடியாமல் போகிறது. இரத்தசோகை உள்ளவர்கள் உணவோடு இந்தத் தேநீரைக் குடிக்கக்கூடாது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சர்க்கரைக்காகக் குடிப்பவர் உணவோடு குடிக்கவேண்டும் என்றும், இரத்தசோகை உள்ளவர் உணவோடு குடிக்கக்கூடாது என்றும் எழுத வேண்டியிருப்பதிலிருந்தே, எல்லோருக்கும் ஒரே அறிவுரை செல்லாது என்பது விளங்கும்.

மருந்து தெளித்த தோப்பிலிருந்து இலை பறிப்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லாதது பெரிய குறை. பூச்சிமருந்து தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்ற காத்திருப்புக் காலம் பழத்தை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. இலையைக் குடிப்பார்கள் என்று எண்ணி வகுத்ததன்று. மேலும் இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவும் மருந்துகள் இலையின் உள்ளேயே பரவி நிற்பதால், எத்தனை முறை கழுவினாலும் போகாது. தான் வளர்க்கும், தெளிப்பு இல்லாத, சாலைப் புழுதி படியாத மரத்தின் இலையே நம்பத்தகுந்தது. அதையும் மரத்தை மொட்டையாக்கிப் பறிக்க வேண்டியதில்லை. ஓர் ஆப்பிள் பழம் நன்கு பருக்க முப்பது, நாற்பது இலைகளின் உழைப்பு வேண்டும் என்பது தோட்டக்கலையில் பழைய கணக்கு. கொய்யா புதிய கிளையில்தான் காய்க்கும் என்பதால் கவாத்து செய்வது வழக்கம். அப்போது வெட்டி வீசப்படும் கிளைகளின் இலையே ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் போதும்.

என் அக்கா இப்போது மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொண்டு, மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு, மதிய உணவோடு ஒரு குவளை கொய்யா இலைத் தேநீர் மட்டும் குடிக்கிறார். உணவுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் அளவெடுத்து ஒரு நோட்டில் எழுதிவருகிறார். தேநீர் குடித்த நாளுக்கும் குடிக்காத நாளுக்கும் இடையில் அவருக்குத் தெரியும் வேறுபாடு சிறியதே. அது சிறியது என்று தெரிந்திருப்பதால்தான் மாத்திரையை நிறுத்தும் எண்ணம் அவருக்கு மீண்டும் வரவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் நான் வேண்டுவது இரண்டு. இலை மருத்துவம் பற்றி எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும் மரத்தின் தாவரவியல் பெயர், பயன்படுத்தும் பகுதி, அளவு, யார் தவிர்க்கவேண்டும் என்பவற்றைக் கட்டமிட்டு வெளியிட வேண்டும்; பெயர் சொல்லாத கலவைப் பொடிகளைப் பரிந்துரைக்கும் எழுத்தை ஏற்கவே கூடாது. அடுத்ததாக, சென்ற வாரக் கட்டுரையில் முள்சீத்தா இலை பற்றி வந்த வரிகளுக்கு, அவை அச்சான அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு இந்நேரம் இலை தேடிக்கொண்டிருக்கும் வாசகரின் கண்ணில் அந்தத் திருத்தம் பட்டாக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை